பன்னிரண்டு கிரெடிட்: டிராப் பொத்தானைத் தொடுவதற்கு முன்னால்

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. காலை எட்டு மணிக்குக் கரண்ட் வந்திருந்தது. அது போவதற்குள் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, சோற்றுக்கும் வைத்துவிடலாம் என்று ஓடிக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது. கலிபோர்னியாவில் அது வெள்ளிக்கிழமை மாலை ஆறரை. என்னிடம் இரண்டு வருடம் கணக்குப் படித்துவிட்டுப் போன பையன். அவனுக்கு நான் சயாமா, அதாவது டீச்சர்.

"சயாமா, பிசிக்ஸை டிராப் பண்ணிடலாம்னு இருக்கேன். ஸ்கிரீன்ல பொத்தான் வந்து நிக்குது. அழுத்தட்டுமா?"

"முதல்ல கையை எடு" என்றேன்.

அவனிடம் அந்த செமஸ்டரில் 15 கிரெடிட், அதாவது பாடங்களின் எடைப்புள்ளி, இருந்தது. கால்குலஸ் 5, பிசிக்ஸ் 4, ஆங்கிலம் 3, பொருளியல் 3. பிசிக்ஸ் போனால் 11. மாணவர் விசாவில் போனவனுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். "ஒண்ணுதானே சயாமா குறையுது" என்றான். விஷயமே அந்த ஒன்றில்தான் இருக்கிறது. அவனோடு அரைமணி நேரம் பேசினேன். நடுவில் கரண்டும் போய்விட்டது, சோறு பாதியில் நின்றது. பேசியதை எழுதிவைத்தால் அடுத்த பிள்ளைக்கு ஆகுமே என்று தோன்றியது.

நான் ரங்கூன்காரி. பசுண்டாங்கில் ஆறாவது மாடியில் வீடு. லிஃப்ட் கிடையாது, தெருவரை தொங்கவிட்ட கயிற்றில் கிளிப் மாட்டித்தான் பேப்பர் மேலே ஏறும். முன்னறையில் கணக்கும், அமெரிக்கப் பள்ளிப்படிப்புக்கு ஈடான ஜி.இ.டி. பரீட்சைப் பாடமும் சொல்லித்தருகிறேன். 2012இல் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் கலிபோர்னியா போய், முதலில் இரண்டு வருடக் கம்யூனிட்டி காலேஜ், அப்புறம் பல்கலைக்கழகம் என்று படித்து முடித்துத் திரும்பியவள். வக்கீல் அல்ல. ஆனால் இந்த ஒரு விதியில் நான் சூடு பட்டிருக்கிறேன். அதனால் எங்கே சுடும் என்று தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். விசா வேறு, ஸ்டேட்டஸ் வேறு. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, அமெரிக்க விமான நிலையத்தின் வாசலைத் தாண்டுவதற்கு. தாண்டிய பிறகு உங்களை அங்கே இருக்கவைப்பது ஸ்டேட்டஸ். விசாவில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருக்கிறதே, எனக்கென்ன என்று நினைக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விசாவில் நாள் இருந்தும் ஸ்டேட்டஸ் போகலாம். விசா காலாவதியாகியும் ஸ்டேட்டஸ் குறையில்லாமல் இருக்கலாம். ஸ்டேட்டஸ் எதில் நிற்கிறது என்றால், பெரும்பாலும் நீங்கள் எத்தனை கிரெடிட் எடுத்திருக்கிறீர்கள் என்பதில்.

இதைக் கவனிக்க செவிஸ் என்று ஒரு அரசாங்கக் கணினிப் பதிவேடு 2003 முதல் நடக்கிறது. நம் வார்டு ஆபீசில் இரவு தங்குகிற விருந்தாளியின் பெயரைப் பதிகிறோம் இல்லையா, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்களைப் பற்றி எழுதுகிறவர் கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் ஆபீசில் இருக்கும் டி.எஸ்.ஓ. சம்பளம் கொடுப்பது கல்லூரி. ஆனால் செவிஸில் கைவைக்கும் உரிமை அவருக்கும் அவர் சகாக்களுக்கும் மட்டும்தான். ஒவ்வொரு செமஸ்டரும் தொடங்கி 30 நாளுக்குள் இந்தப் பிள்ளை வந்துவிட்டது, முழுநேரம் படிக்கிறது என்று அவர் பதிய வேண்டும். கணக்கு வாத்தியார், டிபார்ட்மென்ட் தலைவர், பாடத்திட்ட ஆலோசகர் யாருக்கும் அந்த அதிகாரம் இல்லை. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், என் கதை வரும்போது ஏன் என்று புரியும்.

இனி கணக்கு. இளநிலைப் பட்டம் அல்லது இரண்டு வருடப் பட்டம் படிக்கிறவருக்கு செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட். காலாண்டு முறையில் நடக்கும் கல்லூரியிலும் அதே 12தான். முதுநிலைக்கு விதியில் எண் கிடையாது. முழுநேரம் என்று அந்தப் பல்கலைக்கழகம் எதைச் சொல்கிறதோ அது. பல இடங்களில் 9. ஆராய்ச்சி உதவியாளர் வேலை இருப்பவருக்குக் குறைத்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு, வகுப்பெல்லாம் முடித்து ஆய்வேடு மட்டும் எழுதுகிறவருக்குத் தனி ஏற்பாடும் உண்டு. ஆங்கிலம் கற்கும் பள்ளிக்குப் போயிருந்தால் கிரெடிட் இல்லை, மணிக்கணக்கு: வகுப்பறைப் பாடமே அதிகம் என்றால் வாரம் 18 மணி, லேப் அதிகம் என்றால் 22.

12 என்பது ஸ்டேட்டஸ் போகாமல் இருக்க. பட்டம் வாங்க அது போதாது. இதைப் பெற்றோர்களுக்கு நான் தாளில் எழுதியே காட்டுவேன். நாலு வருடப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட். செமஸ்டருக்கு 12 என்று எட்டு செமஸ்டர் ஓட்டினால் 96தான் சேரும். மீதி 24க்கு இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருட வாடகை, இன்னும் ஒரு வருடம் டாலர் தேடி அப்பா அலைய வேண்டும். ஆகவே 15ஐ இலக்காக வையுங்கள். படிப்பும் சீக்கிரம் முடியும், ஒரு பாடம் சறுக்கினாலும் 12க்குக் கீழே உடனே விழ மாட்டீர்கள். முதல் செமஸ்டரில் மட்டும் 13, 14 போதும் என்பேன்; புது ஊர், புது ஆங்கிலம். சரியாக 12 எடுப்பதுதான் எனக்குப் பிடிக்காது. அது படகின் விளிம்பில் உட்கார்ந்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டல்லாவுக்குப் போகிற மாதிரி.

என் தாத்தா மோல்மீனில் ஒரு செட்டியார் கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். வயதான பிறகும் வீட்டுச் செலவுக்கு ஐந்தொகை, அதாவது கணக்குச் சுருக்கம், போடாமல் தூங்க மாட்டார். நான் பிள்ளைகளை செமஸ்டர் தொடக்கத்தில் அதே மாதிரி ஒன்று போடச் சொல்கிறேன். ஒரு தாளில் பாடங்களை எழுதி, பக்கத்தில் கிரெடிட், அதற்குப் பக்கத்தில் அது நேரடி வகுப்பா ஆன்லைனா, கடைசியில் அது உங்கள் பட்டத்துக்குக் கணக்கில் வருகிறதா. கடைசி இரண்டு கட்டத்தில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள்.

ஆன்லைன் விஷயம் இப்படி. முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பு, அதாவது 3 கிரெடிட் வரைதான் சேரும். நாலு பாடம் எடுத்து இரண்டு ஆன்லைன் என்றால் உங்கள் திரையில் 12 என்று காட்டும், செவிஸ் கணக்கில் 9. கூடுதலாக எத்தனை ஆன்லைன் வேண்டுமானாலும் எடுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த 12இல் மட்டும் ஒன்றுக்குமேல் வரக்கூடாது. கொஞ்சம் நேரில், கொஞ்சம் ஆன்லைனில் என்று நடக்கும் கலப்பு வகுப்பு பெரும்பாலும் நேரடிக் கணக்கில் வரும், ஆனால் கேட்டு உறுதி செய்யுங்கள். ஆங்கிலப் பள்ளியில் படிப்பவருக்கு ஒரு ஆன்லைன்கூட சேராது. 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது இதைத் தளர்த்தினார்கள். அந்தச் சலுகை எப்போதோ முடிந்துவிட்டது. அந்தக் காலத்தில் படித்த அண்ணன்மார் சொல்லும் கதையை நம்பி ஏமாறாதீர்கள்.

வெறுமனே உட்கார்ந்து கேட்கும் ஆடிட் வகுப்புக்குக் கிரெடிட் இல்லை, சேராது. வெயிட்லிஸ்டில் இருக்கும் வகுப்பு இடம் கிடைக்கும்வரை சேராது. ஆள் சேரவில்லை என்று கல்லூரியே வகுப்பை ரத்துசெய்துவிட்டால் அந்தக் கிரெடிட் அன்றே காணாமல் போகும். இன்னொன்று, நம் ஊர்ப் பிள்ளைகளை அதிகம் அடிப்பது: பணம் கட்டவில்லை என்று கல்லூரிக் கணினி தானாகவே எல்லா வகுப்பிலிருந்தும் பெயரை நீக்கிவிடுவது. இங்கிருந்து டாலர் போய்ச் சேரத் தாமதமாகும் என்று தெரிந்தால், கட்டணத் தேதிக்கு முன்னாலேயே கட்டண ஆபீசில் தவணைக்கு எழுதிக் கொடுங்கள், டி.எஸ்.ஓ.வுக்கும் ஒரு வரி. பணம் வந்த பிறகு விளக்கம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் உங்கள் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அதனால் என் விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்திருந்தார்கள், முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். கல்லூரியில் ஒரு பதிவில் நான் எஃப்.என்.யூ., இன்னொரு பதிவில் பெயரை இரண்டாகப் பிளந்த ஒருத்தி. கணிதப் பாடம் இவள் கணக்கில், ஆங்கிலப் பாடம் அவள் கணக்கில். இரண்டு பேரும் பாதிநேர மாணவிகள்! முதல் வாரமே கண்டுபிடித்ததால் ஒட்டவைத்தார்கள். மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 தாளில் இருக்கும் பெயர், கல்லூரிக் கணக்கில் இருக்கும் பெயர், பாஸ்போர்ட் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை பாருங்கள்.

சரி, என் கதை. 2013 வசந்த செமஸ்டர். கால்குலஸ் 5, வேதியியல் 5, ஆங்கிலம் 3, மொத்தம் 13. வேதியியல் முதல் தேர்வில் நூற்றுக்கு 41. ரங்கூன் பள்ளியில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவள், எனக்கு உலகமே இருண்டுவிட்டது. கல்லூரியின் பாடத்திட்ட ஆலோசகரிடம் போனேன். நல்ல மனிதர். திரையைப் பார்த்துவிட்டு, "டிராப் பண்ணிவிடு, மார்க் பட்டியலில் டபிள்யூ என்று வரும், ஜி.பி.ஏ. என்ற மார்க் சராசரியைத் தொடாது" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் முன்னால் தினமும் உட்காரும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது சரியான ஆலோசனை. நான் எந்த விசாவில் இருக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி அழுத்தினேன். மனசு லேசாகி, மொய்ங்கா மாதிரி ஒன்றைச் செய்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை அயல்நாட்டு மாணவர் ஆபீசிலிருந்து இமெயில். உன் பதிவு 8 கிரெடிட்டுக்கு இறங்கிவிட்டது, இன்றே வந்து பார். போனேன். டி.எஸ்.ஓ. அம்மா கடுமையாக எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "டிராப் பண்ணுவதற்கு முன் ஏன் வரவில்லை? முன்னால் வந்திருந்தால் எனக்கு நாலு வழி இருந்தது. இப்போது எத்தனை இருக்கிறது என்று தேட வேண்டும்." இதுதான் இந்த விதியின் முதுகெலும்பு. கிரெடிட்டைக் குறைக்க அனுமதி உண்டு. ஆனால் அனுமதி முன்னால், குறைப்பது பின்னால். வரிசை மாறினால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் அது விதிமீறல்.

என்னைக் காப்பாற்றியது பின்தொடக்க வகுப்புகள். பல கல்லூரிகளில் செமஸ்டரின் நடுவில் எட்டு வார வகுப்புகள் ஆரம்பிக்கும். அவையும் அதே செமஸ்டரின் கணக்கில் சேரும். மேடைப்பேச்சு 3 கிரெடிட், இடம் இருந்தது. 11 ஆயிற்று. இன்னும் ஒன்று. அந்த அம்மா திரையை மேலும் கீழும் நகர்த்தி, "நீச்சல் இருக்கிறது, ஒரு கிரெடிட். உன் பட்டத்துக்கு உடற்பயிற்சிப் பாடம் ஒன்று தேவைதான், அதனால் கணக்கில் வரும்" என்றார். ஐராவதி ஓரத்து ஊரில் பிறந்து முழங்கால் தண்ணீருக்குமேல் இறங்காதவள் நான். நீச்சல் உடையை வாங்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் போனில் சொல்லவே இல்லை. என் பன்னிரண்டாவது கிரெடிட் குளோரின் வாசனையோடு வந்தது.

அந்த வகுப்புகள் அடுத்த வாரம் தொடங்கவிருந்ததால் நான் பிழைத்தேன். இரண்டு வாரம் பிந்தியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஆகவே ஒரு பாடம் கழுத்தை நெரிக்கிறது என்றால் செய்ய வேண்டியது இது. முதலில் எண்ணிப் பாருங்கள்: அதை விட்டாலும் 12 நிற்குமா, ஆன்லைன் கணக்கைக் கழித்த பிறகும்? நின்றால் விடலாம், அனுமதி தேவையில்லை. நிற்காது என்றால், பின்தொடக்க வகுப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடி, முதலில் அதில் சேர்ந்து, பெயர் ஏறிவிட்டதைத் திரையில் பார்த்து, அப்புறம் பழையதை விடுங்கள். சேர்ப்பது முன்னால், விடுவது பின்னால். பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஒரு பாடம் எடுத்து இரண்டையும் கூட்டி 12 ஆக்குவதும் நடக்கும். பட்டம் கொடுக்கிற கல்லூரியின் டி.எஸ்.ஓ. ஒப்புக்கொண்டு, அந்தக் கிரெடிட் உங்கள் பட்டத்துக்கு மாறி வர வேண்டும், அவ்வளவுதான். எதுவும் கிடைக்கவில்லை என்றால் அனுமதி கேட்க வேண்டும்.

அனுமதி எதற்கெல்லாம் கிடைக்கும்? பிள்ளைகள் நினைப்பதைவிடக் கொஞ்சமான காரணங்களுக்குத்தான்.

ஒன்று, படிப்புச் சிரமம். சிரமம் என்றால் எந்தச் சிரமமும் அல்ல. ஆரம்பத்தில் ஆங்கிலம் பிடிபடவில்லை, படிக்கக் கொடுப்பது மலைபோலக் குவிகிறது, அமெரிக்கப் பாடமுறை பழக்கமில்லை, தகுதிக்கு மீறிய வகுப்பில் தவறாகப் போட்டுவிட்டார்கள், இவைதான். அப்போதும் குறைந்தது 6 கிரெடிட், அதாவது பாதியாவது வைத்திருக்க வேண்டும். ஒரு பட்ட நிலைக்கு ஒரே ஒருமுறை. அடுத்த செமஸ்டரே முழுநேரத்துக்குத் திரும்ப வேண்டும். மார்க் குறையும் என்ற பயமோ வாத்தியாரைப் பிடிக்கவில்லை என்பதோ காரணம் ஆகாது. எனக்கு அன்றைக்கு முன்னாலேயே போயிருந்தால் இது கிடைத்திருக்கலாம் என்று அந்த அம்மா பிறகு சொன்னார்.

இரண்டாவது, உடல்நலம். மனநலமும் இதில் அடக்கம், இதை நம் வீடுகளில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரிமம் பெற்ற மருத்துவர் அல்லது உரிமம் பெற்ற மருத்துவ உளவியலாளர் கடிதம் கொடுக்க வேண்டும். இந்தக் காரணத்துக்கு எத்தனை கிரெடிட்டும் குறைக்கலாம், ஒன்றுமே எடுக்காமல்கூட இருக்கலாம். ஒரு பட்ட நிலையில் எல்லாம் சேர்த்து 12 மாதம் வரை. ஆனால் ஒரு கடிதம் வருடம் முழுக்க ஓடாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் புது அனுமதி. 2021 பிப்ரவரியில் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ராத்திரி முழுக்க ஊர்ச் செய்தி பார்த்துப் பார்த்துத் தூக்கம் போன பிள்ளைகள் எத்தனை பேர். அவர்களில் சிலர் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். டாக்டரிடம் போய் ஒரு தாள் வாங்கியிருந்தால் சட்டப்படி ஓய்வெடுத்திருக்கலாம்.

மூன்றாவது, கடைசி செமஸ்டர். பட்டம் முடிக்க இரண்டு பாடம்தான் பாக்கி என்றால் இரண்டே எடுக்கலாம், 12 வரை இழுக்கத் தேவையில்லை. இதற்கும் முன்கூட்டிச் சொல்லி செவிஸில் பதியவைக்க வேண்டும். பாக்கி இருப்பது ஒரே பாடம், அதுவும் முழுக்க ஆன்லைன் என்றால் மட்டும் ஆகாது. நேரில் போகிற வகுப்பு ஒன்றாவது இருக்க வேண்டும். அதனால் கடைசிக்கென்று ஒரு நேரடிப் பாடத்தை மிச்சம் பிடித்து வையுங்கள்.

கோடை விடுமுறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கல்வியாண்டு முழுநேரம் படித்துவிட்டு அடுத்த செமஸ்டருக்கும் திரும்பப் போகிறீர்கள் என்றால் கோடையில் ஒன்றும் எடுக்காமல் இருக்கலாம். படிப்பையே கோடையில் தொடங்குகிறவர் அப்போதும் முழுநேரம் எடுக்க வேண்டும்.

இந்தக் காரணங்களில் பணம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? கடை மூடிவிட்டது, வங்கி பணம் தர மறுக்கிறது, அதனால் இரண்டு பாடம் எடுத்துவிட்டு வேலை பார்க்கிறேன் என்றால் டி.எஸ்.ஓ.வால் ஒன்றும் செய்ய முடியாது. என் சித்தப்பா மகன் 2021இல் அப்படித்தான் போய் நின்றான். அவன் நல்ல நேரம், அந்த மே மாதம் பர்மா மாணவர்களுக்கென்று அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு தனிச் சலுகை அறிவித்தது. ஊர் நிலைமையால் பணமுடையில் இருப்பவர்கள் வாரம் 20 மணிக்குமேல் வேலை செய்யலாம், 6 கிரெடிட் எடுத்தாலே இளநிலைக்கு முழுநேரம் என்று கொள்ளலாம், முதுநிலைக்கு 3. அதுவும் தானாக வரவில்லை. விண்ணப்பித்து, ஐ-20இல் குறிப்பு ஏற்றி, வளாகத்துக்கு வெளியே வேலை என்றால் வேலை அனுமதி அட்டையும் வாங்க வேண்டியிருந்தது. அது நீட்டிக்கப்பட்டு 2025 நவம்பர் 25 வரை ஓடியது. அந்தத் தேதி கடந்துவிட்டது. இன்னும் அந்த 6 கிரெடிட் கணக்கையே நம்பிக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே போன் போடுங்கள்.

டி.எஸ்.ஓ.வுக்கு எழுதும் இமெயிலைப் பற்றி. கதை வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். ஐ-20இல் இருக்கிறபடி பெயர், என் என்ற எழுத்தில் தொடங்கும் செவிஸ் எண், எந்த செமஸ்டர், இப்போது எத்தனை கிரெடிட், எந்தப் பாடத்தை விட நினைக்கிறீர்கள், விட்டால் எத்தனை மிச்சம், காரணம் ஒரு வரியில். கடைசியில், உங்கள் பதில் வரும்வரை நான் எதையும் டிராப் செய்யவில்லை என்று ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைப் பார்த்தாலே அவர்களுக்கு உங்கள்மேல் ஒரு மதிப்பு வரும். பதில் வந்ததும் ஐ-20 புதுத் தாள் வருகிறதா என்று கேட்டு, எல்லாத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். பழைய ஐ-20 ஒன்றையும் தூக்கிப் போடக்கூடாது.

பதிலுக்குக் காத்திருக்கும் நாள்களில் வகுப்புக்குப் போய்க்கொண்டே இருங்கள். இங்கே ஒரு விசித்திரம் உண்டு. கடைசிவரை வகுப்பில் உட்கார்ந்து பெயிலானால் மார்க் பட்டியல் கெடும், ஆனால் பொதுவாக அந்தக் கிரெடிட் முழுநேரக் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும். அனுமதியில்லாமல் விட்டால் மார்க் பட்டியல் பிழைக்கும், ஸ்டேட்டஸ் போகும். நம் பிள்ளைகள் பெயில் என்ற சொல்லுக்குப் பயந்து தவறான பக்கம் ஓடுகிறார்கள். அதற்காகத் தொடர்ந்து பெயிலானால் கல்லூரியே வெளியேற்றும், அது தனிக் கதை.

ஏற்கெனவே கீழே விழுந்துவிட்டவர் என்ன செய்வது? ஒளியாமல் அன்றைக்கே டி.எஸ்.ஓ.விடம் போங்கள். ஸ்டேட்டஸைத் திரும்பப் பெற ஐ-539 என்ற படிவம் இருக்கிறது. ஸ்டேட்டஸ் போன ஐந்து மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாண்டினால் தாமதத்துக்கு அசாதாரணமான காரணம் காட்ட வேண்டும், 350 டாலர் செவிஸ் கட்டணமும் மறுபடி. அனுமதியில்லாமல் வேலை பார்த்திருக்கக்கூடாது, அடிக்கடி விதி மீறியவராக இருக்கக்கூடாது, முழுநேரம் படிக்கிறவராகவோ படிக்கப் போகிறவராகவோ இருக்க வேண்டும். தவறு உங்கள் கைக்கு மீறி நடந்தது என்று காட்ட வேண்டும். அல்லது, முன்னால் கேட்டிருந்தால் டி.எஸ்.ஓ. அனுமதித்திருக்கக்கூடிய கிரெடிட் குறைப்புதான் அது, ஸ்டேட்டஸ் கிடைக்காவிட்டால் பெரும் கஷ்டம் என்று காட்ட வேண்டும். பதில் வர மாதக்கணக்காகும், அதுவரை வேலை செய்ய முடியாது.

மற்ற நாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. ஊருக்குப் போய், புது ஐ-20 வாங்கி, புது விசாவில் திரும்பி வருவது. பழைய விண்ணப்பத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இது சுலபம் என்று இந்திய நண்பர்கள் சொல்வார்கள். அவர்களுக்குச் சரி. பர்மா பாஸ்போர்ட்டுக்கு 2025 ஜூன் 9 முதல் மாணவர் விசா உள்பட அந்தக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. போனால் திரும்பி வர வழி இல்லை. அதனால்தான் 12க்கு ஒன்று குறைந்தாலும் நான் சனிக்கிழமை காலையில் கத்துகிறேன். பம்பாய்ப் பையன் செய்கிற அதே தவறை நம் பிள்ளை செய்தால் விலை வேறு.

அந்தப் பையனிடம் திரும்புகிறேன். "ஒரு கிரெடிட்தானே, ஆன்லைன்ல ஒரு வகுப்பு இருக்கு, அதைச் சேர்த்துக்கறேன்" என்றான். பொருளியல் எப்படி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அதுவும் ஆன்லைன்தானாம்.

மெயில் எழுதச் சொன்னேன். எழுதினான். திங்கட்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு, அங்கே அப்போது காலை பத்து மணி, மெசேஜ் வந்தது. "சயாமா, நீச்சல் ஃபுல்லாம். பாட்மிண்டன்தான் இருக்கு, ஒரு கிரெடிட், புதன்கிழமை ஆரம்பம். சேர்ந்துட்டேன். இப்ப பிசிக்ஸை விடலாமா?"

பெயர் ஏறிவிட்டதைத் திரையோடு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். பதினாறு என்று இருந்தது. சரி, விடு என்றேன்.